ஹாரன் சத்தமும் ஒரு துண்டு கருப்பட்டியும்

அன்று காலை புல் போடப் போனபோது மெர்சி திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் முதல் அறிகுறி. என் செருப்புச் சத்தம் கேட்டாலே தலையை ஆட்டிக் கனைப்பவள், சுவரைப் பார்த்து நின்றாள். இடது முன்காலை ஊன்றாமல் நுனிக்குளம்பில் வைத்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் தொட்டுப் பார்த்தேன். வெந்நீர்ப் பானையை இறக்கிக் கொஞ்ச நேரம் ஆனால் ஒரு சூடு இருக்குமே, அந்தச் சூடு.

குதிரையை 'அவள்' என்று எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குதிரை நொண்டி நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

மெர்சியைக் கடற்கரைக் கிராமத்து வேதக்காரர் (கிறிஸ்தவர்) ஒருவரிடம் வாங்கினோம். பெயரும் கூடவே வந்தது. என் கணவர் சுடலைமுத்து துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டுபவர், விடுமுறை நாட்களில் குதிரை வண்டிப் பந்தயச் சாரதி. நான் முத்தையாபுரத்தில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் வண்டிகளைப் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறேன். பந்தயத்துக்கும் எனக்கும் அதுவரை இருந்த உறவு, சாணி அள்ளுவதோடு சரி.

முந்தின நாள் ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு கோயில் கொடை (திருவிழா). நடுக்குதிரைப் பிரிவில் மெர்சிதான் முதலில் வந்தாள். எங்கள் பந்தயங்கள் தார்ச்சாலையில் நடக்கும். எல்கை (திரும்பும் இடம்) வரை ஓடித் திரும்ப வேண்டும். வண்டிகளுக்குப் பின்னால் ஊரே பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு துரத்தும். அந்தச் சத்தம்தான் குதிரைக்குச் சாட்டை. வெற்றிக் கொடியைத் தாண்டிய பிறகும் பையன்கள் சந்தோஷத்தில் ஹாரனை விடவில்லை. ஹாரன் நிற்காததால் மெர்சியும் நிற்கவில்லை. ஜல்லி பெயர்ந்த இடத்தில் கால் பிசகியது. வண்டியில் நின்று ஓட்டிய என் கணவருக்கே அது தெரியவில்லை.

கால்நடை மருத்துவர் இளம் பெண். ஸ்கேன் கருவியைக் காலில் வைத்துத் திரையைக் காட்டினார். தசைநாண் (தசையை எலும்போடு சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு) கிழிந்திருந்தது. வெளுப்பாகத் தெரிய வேண்டிய கயிற்றின் நடுவே கறுப்பாக ஓர் ஓட்டை.

"ஓடுவாளா டாக்டர்?" என்றார் என் கணவர்.

"மொதல்ல நடக்கட்டும் அண்ணாச்சி. இந்த நாரு மெதுவாத்தான் ஒட்டும். வலி போயிரும், வீக்கம் வத்திரும், பாத்தா நல்லாயிட்ட மாதிரியே இருக்கும். அப்பத்தான் எல்லாரும் ஓட்டிக் கெடுக்காங்க."

இந்த வாக்கியத்தை லாயத்துச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வையுங்கள். மருந்துச் சீட்டை விட இதுதான் உதவும்.

முதல் கட்டம் ஓய்வு. மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு உடைக்கிற ஐஸைச் சாக்கில் வாங்கி வந்து காலில் கட்டினேன். கொள்ளு வைப்பதை நிறுத்திப் புல் மட்டும் போட்டோம். வேலை இல்லாத குதிரைக்குக் கொள்ளு வைப்பது அடுப்பில்லாத இடத்தில் நெருப்பு மூட்டுவது போல என்றார் டாக்டர். அது மெர்சிக்குப் புரியவில்லை. வாளியைக் கவிழ்த்தாள். என் முந்தானையைக் கடித்து இழுத்தாள்.

என் கணவருக்குத்தான் தாங்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "ஏளா, திருச்செந்தூர் கடற்கரையில பிள்ளைகள ஏத்திச் சுத்துதவன் ஒருத்தன் கேக்கான். குடுத்திருவமா? ஓடுத குதிரையக் கட்டிப்போட்டுப் பாக்க எனக்கு முடியல."

எனக்குச் சுர்ரென்று வந்தது. உதிரி மணலில் கால் புதைய நடந்தால் அந்தக் கயிறு இன்னும் இழுபடும் என்று டாக்டர் சொன்னபோது இவரும் பக்கத்தில்தானே நின்றார்?

"உங்களுக்கு முடியலன்னா நீங்க பாக்காண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

"அடுத்த வருசக் கொடைக்குள்ள அவ வண்டி இழுக்கலன்னா?"

"அப்பக் குடுங்க. வாய தொறக்க மாட்டேன்."

வாயைத் திறக்காமல் இருப்பது என்னால் ஆகாத காரியம் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் பேச்சு அதோடு நின்றது. அன்றிலிருந்து மெர்சி என் பொறுப்பு.

அடுத்த கட்டம் கையில் பிடித்து நடத்துவது. வேலைக்குப் போகுமுன் உப்பளங்களுக்கு நடுவே போகிற பாதையில் கூட்டிப்போவேன். மண் இறுகி, மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும். முதலில் ஒரு பாத்தியின் நீளம், பிறகு இரண்டு. மெர்சிக்குப் பொறுமை கிடையாது. எனக்கும் கிடையாது. பையத் தின்றால் பனையையும் தின்னலாம் என்று இருவருக்கும் சேர்த்து உரக்கச் சொல்லிக்கொண்டே நடப்பேன். உப்பு வாருகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். கால் ஒவ்வொரு நாளும் தேறிவந்தது. எனக்கு நம்பிக்கையும் வந்தது, கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

அப்போதுதான் அது நடந்தது. லோடு இறக்கிவிட்டு அந்த வழியாக வந்த என் கணவர், மெர்சி நொண்டாமல் நடப்பதை முதல் தடவையாகப் பார்த்திருக்கிறார். மனிதர் சந்தோஷத்தில் டிரெய்லரின் ஏர் ஹாரனை நீளமாக அடித்தார். மெர்சி முன்னங்கால்களைத் தூக்கினாள். கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது. காலியான அந்தப் பாதையில் அவள் பந்தய ஓட்டம் ஓடினாள். பின்னால் நான், எனக்குப் பின்னால் லாரியை விட்டு இறங்கி ஓடிவருகிற என் கணவர்.

சாயங்காலம் கால் மறுபடியும் வீங்கியது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. லாயத்து வாசலில் அவர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"சந்தோசத்துல அடிச்சிட்டேம்ளா."

திட்ட வந்த நான் ஐஸ் சாக்கை எடுத்துக்கொண்டு மெர்சியின் காலடியில் உட்கார்ந்தேன். அவளை ஓடவைத்துக் கெடுத்ததும் சந்தோஷம்தான், இப்போது கெடுத்ததும் சந்தோஷம்தான். எங்கள் ஆட்களுக்கு அன்பைக் காட்ட வேறு வழி தெரியாது.

டாக்டர் காலைப் பார்த்தார். புதிதாக எதுவும் கிழியவில்லை, நாட்கள்தான் வீண் என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, நாம காலுக்கு மட்டும் வைத்தியம் பாக்கோம். ஹாரன் கேட்டா ஓடணும்னு அவ காதுல ஏறிருக்கே, அதுக்கு என்ன செய்யப்போறோம்?"

ஆகவே காதுக்கும் வைத்தியம் தொடங்கினோம். உடன்குடிக் கருப்பட்டியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு உடைத்துப் பையில் வைத்துக்கொள்வேன். தூரத்தில் நின்று என் கணவர் பைக் ஹாரனை மெல்ல அடிப்பார். மெர்சி காதை விறைப்பாக நிமிர்த்துவாள். அவள் நகர்வதற்குள் வாயில் கருப்பட்டி. மறுபடி ஹாரன், மறுபடி கருப்பட்டி. அவள் அசையாமல் நின்றால் அவர் கொஞ்சம் கிட்டே வருவார். மிரண்டால் பின்னால் போவார். சந்தோஷத்தில் ஹாரன் அடித்த மனிதர், பைக் ஹாரனைக்கூடப் பயந்து பயந்து அடித்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. திருச்செந்தூர்ப் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

கடைசியில் ஏர் ஹாரனுக்கும் அவள் நின்றாள். நின்றதோடு, கழுத்தைத் திருப்பி என் பையை முகர்ந்தாள்.

இரண்டாவது ஸ்கேனில் கறுப்பு ஓட்டை சாம்பல் நிறமாகியிருந்தது. நடை, பெருநடை (நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவிலான வேகம்), பிறகு காலி வண்டி. வண்டியில் பூட்டியபின் சத்தம் ஏதும் இல்லாமல் அவர் "போவமா மெர்சி?" என்று கேட்பார். அவள் கிளம்புவாள். ஓட்டம் முடிந்ததும் காலைத் தொட்டுப் பார்ப்பது என் வேலை. புறங்கையால்தான் தொட வேண்டும், உள்ளங்கை வேலை செய்து மரத்துப்போயிருக்கும். சூடு தெரிந்தால் அடுத்த நாள் ஓய்வு.

கொடைக்கு முன்பு டாக்டர் அனுமதி கொடுத்தார். "செயிக்கணும்னு ஓட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

பந்தயம் தொடங்கியது. கொடி இறங்கியது. பின்னால் நின்ற பைக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. மற்ற வண்டிகள் பாய்ந்தன. மெர்சி நின்ற இடத்திலேயே நின்று, கழுத்தைத் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஹாரனுக்கு நிற்கப் பழக்கிய நாங்கள் மூவரும், டாக்டர் உட்பட, பந்தயம் என்றால் ஹாரன்தான் என்பதை மறந்துபோனோம். கூட்டம் ஓவென்று சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. என் கணவர் வண்டியில் நின்றபடி பின்னால் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏலே, யாரும் ஹாரன் அடிக்காதீங்கலே! அவளுக்கு அது ஆகாதுலே!"

பிறகு குனிந்து, "போவமா மெர்சி?" என்றார். அவள் கிளம்பினாள்.

பைக்குகளும் கிளம்பின. ஆனால் ஒருவன் கூட ஹாரனைத் தொடவில்லை. யார் முதலில் தொடங்கியது என்று தெரியாது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து எல்கைப் பக்கம் போகப் போகக் கேட்டது: "போவமா மெர்சி! போவமா மெர்சி!" எல்லோரும் அவளைப் பெற்றவர்கள் போல அப்படி ஒரு கெஞ்சல். நான் வெளிப்படையாகவே அழுதேன்.

கடைசிக்கு முந்தினவளாக வந்தாள். கொடியைத் தாண்டியதும் தெரியாத்தனமாக யாரோ ஒரு ஹாரன் அடித்தார்கள். மெர்சி அழகாக நின்றாள். ஜெயித்தவனின் குதிரை நிற்காமல் ஓட, அதைப் பிடிக்க இன்னும் நாலு பேர் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

என் கணவர் குதித்து இறங்கி, பரிசைப் பற்றி எதுவும் கேட்காமல், "தொட்டுப் பாருளா, சுடுதா?" என்றார்.

புறங்கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது.

இப்போது என் நாள் அந்த இடது முன்காலில்தான் தொடங்குகிறது. அதைத் தொடாமல் அடுப்புப் பற்றவைப்பதில்லை. எனக்கும் ஏதோ ஆகிவிட்டிருக்கிறது. யார்டு வாசலில் டிரெய்லர்கள் பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் முன்பெல்லாம் பதறி விலகுவேன். இப்போது ஓரமாகப் போய் நின்றுவிட்டு, கை தானாகப் பையைத் துழாவுகிறது. டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னக்கா தேடுதீங்க?" என்று கேட்கும்போதுதான் விரலில் கருப்பட்டி ஒட்டுவது தெரிகிறது.