உப்புக் கரித்த இடியப்பம்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் எங்கள் ஒழுங்கையில், தொடர்மாடியின் மதிலுக்கு அப்பால் ஒரு சிறிய வீடு இருக்கிறது. அங்கே வாழும் மலையகத்துப் பெண் மாலையில் இடியப்பம் அவித்து எங்கள் மாடிகளுக்குக் கொடுக்கிறார். கணவர் இல்லை, மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்த அடுப்பு எரிவதால்தான் அந்த வீடு நடக்கிறது.

இந்த ஆண்டு மழை தன் மாதத்தில் வரவில்லை. வந்தபோது ஒரே மூச்சில் கொட்டி, தெருவை மூழ்கடித்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டது. மண்ணுக்குள் இறங்கியது சொற்பம். குழாய் நீர் நூலாக மெலிந்தது. எங்களுக்கு அது பெரிய இடைஞ்சலாக இருக்கவில்லை. குடிநீரைச் சேர்த்துவைக்கத் தாங்கி இருந்தது. குளிக்கவும் கழுவவும் தொடர்மாடிக் குழு, வாகனத் தரிப்பிடத்தில் ஆழமான குழாய்க்கிணறு ஒன்றைத் தோண்டிக்கொண்டது. மோட்டர் நாள் முழுவதும் இழுத்தது. நான் தலைமுழுகுவதில் எந்தச் சிக்கனமும் செய்யவில்லை.

அதன் பிறகு இடியப்பம் உப்புக் கரிக்கத் தொடங்கியது.

மாடிப் பெண்களின் வட்ஸ்அப் குழுவில் பகிடி பறந்தது. "கடல் தண்ணியிலயே மாக் குழைக்கிறா?" என்று ஒருவர் கேட்டார். "சொதிக்கு உப்பு மிச்சம்தானே, பேசாமச் சாப்பிடுங்கோ" என்றார் இன்னொருவர். சிலர் காலி வீதியிலுள்ள இடியப்பக் கடைக்கு மாறினார்கள். அம்மா என்னை அனுப்பினார்.

"போய் நல்ல மாதிரியாச் சொல்லிப்போட்டு வா, பிள்ளை. பிறஷர் உள்ள ஆக்கள் இருக்கினம் எண்டு சொல்லு."

மதிலைச் சுற்றிப் போய், இடியப்பம் அவிக்கும் அக்காவிடம் சொற்களைத் தேர்ந்து, மிகுந்த மரியாதையுடன் சொன்னேன். அவர் மாப் படிந்த கையைக் கவுனில் துடைத்தார்.

"உப்புப் போடுறத நிப்பாட்டி ரொம்ப நாளாச்சு தங்கச்சி. ஒரு சிட்டிககூடப் போடுறதில்ல."

குழாயில் வடிவது அவர்கள் குடிக்கவே போதாததால், சமையலுக்கு முற்றத்துக் கிணற்று நீர்தான். ஒரு வாளி இறைத்து என் உள்ளங்கையில் ஊற்றினார். உதட்டில் வைத்ததும் தெரிந்தது.

"மழ பேஞ்சா சரியாப் போயிரும்ல? நீங்க படிச்சவங்க."

மதிலுக்கு அப்பால் எங்கள் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓம் அக்கா, சரியாகும்" என்றேன்.

சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் பேச்செடுத்தேன். அவர் தொடர்மாடிக் குழுவில் இருக்கிறார். நிலத்தடியில் நல்ல நீர் குறையக் குறையக் கடல் நீர் உள்ளே வரும், நாங்கள் இழுப்பதும் ஒரு காரணம் என்றேன்.

"கடல் ஏறுது, மழை பிழைச்சுப் போச்சு. உலகம் முழுக்க இதுதான் நிலைமை. எங்கட மோட்டரே உலகத்தைக் கெடுத்தது?"

"உலகத்தை இல்லையப்பா. அவவின்ர கிணத்தை."

"சரி, நிப்பாட்டுவம். நாளைக்கு நீ எங்க முழுகப் போறாய்? கடலிலயோ?"

அம்மா சிரித்தார். அப்பா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. காலநிலை மாறியிருப்பது உண்மை. ஒரு தொடர்மாடி முழுவதும் பின்னால் மறைந்து நிற்கக்கூடிய அளவுக்குப் பெரிய உண்மை.

மறுநாள் முதல், எங்கள் குடிநீர்த் தாங்கியிலிருந்து ஒரு கலன் நிரப்பி அந்த அக்காவிடம் கொடுக்கத் தொடங்கினேன். இடியப்பம் பழைய சுவைக்குத் திரும்பியது. கடைக்குப் போனவர்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். "சொன்னால் திருந்திற மனுசி" என்று அம்மா மெச்சினார். நான் திருத்தவில்லை.

எங்கள் நாக்கில் பட்ட உப்பு ஒன்றுதான் அந்தக் கிணற்றின் நிலையை மாடிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் நானே கழுவித் துடைத்துவிட்டேன். இப்போது தொடர்மாடிக் குழுவில் இரண்டாவது மோட்டர் பற்றிப் பேசுகிறார்கள். அக்காவின் மகள் இன்னமும் அந்தக் கிணற்று நீரில்தான் குளிக்கிறாள்.

நேற்று வெறுங்கலனைத் திருப்பித் தரும்போது ஓர் இடியப்பப் பொதியையும் நீட்டினார். "இது ஒங்களுக்கு மட்டும். காசு வேணாம்." அந்தச் சூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்க முடியவில்லை. கிணறு கெட்டதற்கு எங்கள் மோட்டரும் காரணம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "தெரியும் தங்கச்சி. சத்தம் கேக்குதுல்ல. ஒங்க ஆளுங்ககூடச் சண்ட போட்டுட்டு நான் யாருக்கு அவிச்சுக் குடுக்கிறது?"

பிறகு, "நாளைக்கும் தண்ணி கொண்டாருவீங்கதானே?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா" என்றேன். வேறு எதையும் உறுதியளிக்கும் நிலையில் நான் இருக்கவில்லை.