லாரிக்கு வைக்கிற காற்று

குளியலறைக்குள் ஒரு சத்தம். விழுந்தது, நின்றது, மறுபடி சொட்டுச் சொட்டாக விழுந்தது. குழாய் இல்லை, அவள் புருஷன்தான். உள்ளே போய்ப் பத்து நிமிடமாகிறது. கூடத்தில் நின்றவள் பல்லைக் கடித்தாள்.

இருபத்தெட்டு வருடமாக டயர் கடை வைத்திருக்கிற அவரைத் தெருவே 'காத்துக்காரர்' என்றுதான் கூப்பிடும். டயரை ஒரு தட்டுத் தட்டி, காற்று எவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிடுவார். வயது ஐம்பத்திரண்டு.

மூன்று வாரம் முன்பு புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் 3.8 வந்தது. டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இன்று மதியம் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் கண்ணில் அந்தச் சீட்டு பட்டது. நாலாக மடித்து, ஆடுகிற கம்ப்ரஸரின் காலுக்கு முட்டுக்கொடுத்திருந்தார் மனுஷன்! அதை உருவிக்கொண்டு நேரே டாக்டரிடம் ஓடினாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக வேண்டாம் என்று அவருக்கு யோசனை சொன்னவர் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பெற்ற அப்பா. எழுபத்துமூன்று வயது.

"எனக்கு 5.2 இருந்துச்சும்மா. பயப்படாதீங்கன்னு டாக்டரே சொன்னாரு. மாப்பிள்ளைக்கு 3.8தானே? லேப்ல நாலு வரைக்கும் சரின்னு அச்சடிச்சே கொடுத்திருக்கான்."

அவர் கையிலிருந்த டம்ளரை அவள் பிடுங்கினாள்.

"அது எல்லா வயசுக்கும் சேர்த்து அடிச்சதுப்பா! வயசு ஏற ஏற அந்த அளவும் ஏறுமாம். உங்க வயசுக்கு ஆறரை வரைக்கும் பொறுப்பாங்க. இவர் வயசுக்கு மூன்றரை தாண்டினாலே பெரிய டாக்டர் பார்க்கணும். கேன்சரா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்த்தாத்தானே தெரியும்? மூணு வாரத்தை முழுங்கிட்டீங்களே!"

"நல்லதுக்குத்தானே சொன்னேன்..."

"உங்க நல்லது என்னை நடுத்தெருவுல நிறுத்தியிருக்கும்!"

குளியலறைக் கதவு திறந்தது. "கத்தாதே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்," என்றார் காத்துக்காரர்.

"கேட்கட்டும்! ஏங்க, லாரிக்கு வைக்கிற காத்தை ஸ்கூட்டருக்கு வைப்பீங்களா?"

"வெடிச்சிடும்டி," என்றார், பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" குரல் உள்ளே போயிருந்தது.

"எட்டுக்கு. கடைச் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

பெரியவர் எழுந்து செருப்பை மாட்டினார். வாசலில் தயங்கினார். "நானும் கூட வரட்டுமாம்மா?"

"வாங்க. வாயை மட்டும் வீட்டுல வெச்சுட்டு வாங்க."

அவர் கடைசிப் படி இறங்கும்வரைகூட அவள் பொறுக்கவில்லை. கதவை அறைந்து சாத்தினாள்.