சின்னப்பொண்ணு அக்காவின் ‘ங்க’

சின்னப்பொண்ணு அக்கா போய்விட்டார்.

செம்மேட்டிலிருந்து பழைய ஹெச்.எம். போன் செய்து சொன்னார்... முந்தாநாளே எல்லாம் முடிந்துவிட்டதாம். எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கொல்லிமலையில் நான் ஆறு வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்த அரசுப் பள்ளியில் அக்காதான் சத்துணவு சமையல்.

போன புதிதில் பிள்ளைகள் என் பீரியடில் வாயே திறக்க மாட்டார்கள். “ஆர் யூ ஹங்ரி?” என்றால் தலையை மட்டும் ஆட்டுவார்கள். ஒரு நாள் கத்தியே விட்டேன்.

அன்று மதியம் முட்டை உரித்துக்கொண்டே அக்கா சொன்னார். “ஏனுங்க டீச்சர், பெரியவிங்க கேட்டா வெறும் ‘நோ’ன்னு சொல்லலாமுங்களா? மொட்டையா இருக்குதில்லீங்க. அதான் புள்ளைங்க கூச்சப்படுது.”

மறுநாள், ‘ங்க’ போட்டே சொல்லுங்கள் என்றேன். “யெஸ்ஸுங்க டீச்சர்”, “நோங்க டீச்சர்”... என் வகுப்பு அப்படித்தான் இங்கிலீஷ் பேச ஆரம்பித்தது. பார்வையிட வந்தவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

அப்புறம் ‘ஹவ் ஆர் யூ’. மொத்த வகுப்பும் ஒரே குரலில் “ஐ ஆம் ஃபைனுங்க”.

ஜன்னலுக்கு வெளியிலிருந்து அக்கா கேட்டார். “காச்சல்ல சுருண்டு கெடக்கற புள்ளையும் ஃபைனுங்குது. நல்லா இல்லீன்னு சொல்றதுக்கு அதுல வார்த்தையே இல்லீங்களா?”

அதை நான் சொல்லியே கொடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ‘நாட் ஃபைன்’ என்று போர்டில் எழுதினேன்.

அந்த வாரமே கடைசி பெஞ்ச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். “நாட் ஃபைனுங்க டீச்சர்... காது வலிக்குதுங்க.” எத்தனை நாளாக வலித்ததோ.

செம்மேட்டில் தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா தினமும் கேட்பார், “ஹவ் ஆர் யூங்க டீச்சர்?”

ஃபைனுங்க என்றால் விடமாட்டார். என் முகத்தையே பார்ப்பார். “நெசமாத்தான் கேக்கறேனுங்க.”

டிரான்ஸ்பர் வாங்கிக் கீழே வந்து இரண்டு வருடம். இங்கே எல்லோரும் ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டுக்கொண்டே நடந்து போய்விடுகிறார்கள்.

போன மாதம் வாட்ஸ்அப்பில் அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. “டீச்சர்... ஹவ் ஆர் யூங்க?” அவ்வளவுதான்.

அவரிடம் சும்மா ஃபைன் என்று அனுப்ப முடியாது. நிஜத்தைச் சொல்லவும் தைரியம் இல்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்... நீங்க எப்படி இருக்கீங்க அக்கா என்று திருப்பிக்கூடக் கேட்கவில்லை.

ஹெச்.எம். போனை வைத்த பிறகு, இன்று காலை பதில் அனுப்பினேன். ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது.

போய்ட்டு வாங்க அக்கா...

நாட் ஃபைனுங்க.