பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போன ஜெனிட்டா

தானே புயல் கடலூரை இருட்டில் தள்ளிவிட்டுப் போன பிறகுதான் ஜெனிட்டாவும் அவருடைய கணவர் லூர்து பிரகாஷும் திருப்பாதிரிப்புலியூரில் இன்வெர்ட்டர் கடை திறந்தார்கள். மின்சாரம் திரும்பி வந்தும் நிலைக்கவில்லை. நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டு. ஜெனிட்டா கடை முன்னே நாற்காலிகளைப் போட்டு, இன்வெர்ட்டரில் ஒரு மின்விசிறியைச் சுழலவிட்டார். தெருவே வியர்த்துக் கிடந்த வேளையில் அங்கு மட்டும் காற்று வீசியது. உட்கார்ந்து இளைப்பாறியவர்கள் எழும்போது விலை கேட்டார்கள். சிதம்பரம் மேலவீதியில் இரண்டாவது கடை பிறந்தது அந்தக் காற்றில்தான்.

பிறகு மின்வெட்டு குறைந்தது. நாற்காலிகள் உள்ளே போயின. “பூக்கடைக்கு விளம்பரம் எதுக்கு ஜெனி? நம்ம சரக்கு தரமான சரக்கு” என்று லூர்து பிரகாஷ் சொன்னபோது ஜெனிட்டாவும் தலையசைத்தார். ஆண்டுகள் ஓடின. கடலூர்க் கடை தட்டுத்தடுமாறி நின்றது. சிதம்பரத்தில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. தை பிறந்ததும் காலி செய்துவிடுவதாகக் கட்டட உரிமையாளர் தில்லைநாதனிடம் லூர்து பிரகாஷ் சொல்லியும் விட்டார். ஆனால், அந்தக் கடை ஜெனிட்டா தாமே இடம் பார்த்து, தாமே பேசி முடித்துத் திறந்தது. அதை மூட அவர் மனம் ஒப்பவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்பு ஒரு நாள், அண்ணாமலைநகரில் மாணவர்களுக்கு மெஸ் நடத்தும் அமராவதியைக் கடைத்தெருவில் சந்தித்தார். முதல் ஆண்டிலேயே இன்வெர்ட்டர் வாங்கியவர் அவர்.

“அட, ஜெனிட்டாவா! நீ கடைய எடுத்துட்டன்னு இல்ல நெனச்சேன்? போன மாசந்தான் வேற எடத்துல புது பேட்டரி வாங்கனேன்.”

“இங்கியேதான் இருக்கோம்க்கா. எங்க போயிடப் போறோம்?”

“எனக்கு எப்புடித் தெரியும்? விக்கிறப்ப வூட்டுக்கு நடையா நடந்த. அப்புறம் எட்டிப் பாத்தியா? தண்ணி இல்லாம பேட்டரி காஞ்சே செத்துப் போச்சு.”

அந்தச் சொல் சுட்டது. தில்லைநாதன் பூட்டுவதற்கு வெகு நாள் முன்பே, வாங்கியவர்களின் மனத்தில் அந்தக் கடை பூட்டப்பட்டுவிட்டது என்பது ஜெனிட்டாவுக்கு விளங்கியது.

அன்று மாலையே கணவரிடம் சொன்னார்: “பழைய கஸ்டமர் வூடு எல்லாத்துக்கும் போயி, காசு வாங்காம பேட்டரிக்குத் தண்ணி ஊத்திட்டு வரலாம்.”

“ஒனக்கு இன்னா ஆச்சு? தண்ணி ஊத்துனா பழைய பேட்டரியே இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். புதுச எவன் வாங்குவான்?”

“ரெண்டு வருஷம் கழிச்சு வாங்குவாங்க இல்ல? அன்னைக்கு நம்ம மொகம் ஞாபகத்துக்கு வரணும்ங்க. இப்ப அடுத்தவன் மொகந்தான் வருது.”

முணுமுணுத்துக்கொண்டே லூர்து பிரகாஷ் வண்டியை எடுத்தார். அவருக்கு வீட்டு எண் ஒன்றும் நினைவிராது. பேட்டரி வைத்த இடந்தான் நினைவிருக்கும். “மாடிப்படிக்குக் கீழ வெச்ச வூடு”, “பூஜை ரூம்பு பக்கத்துல வெக்காதன்னு சண்ட போட்ட வூடு” என்று அடையாளம் சொல்லிச் சொல்லியே தெருத்தெருவாக அழைத்துப் போனார். ஜெனிட்டா தண்ணீர் ஊற்றிவிட்டு, கடையின் தொலைபேசி எண்ணை ஒவ்வோர் இன்வெர்ட்டரிலும் ஒட்டினார். அடுத்த வீட்டுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

“அண்ணே, எங்க வூட்டுதயும் பாத்துடுங்க. வித்தவன் அப்புறம் இந்தப் பக்கமே வரல.”

யார் விற்றது என்று பாராமல் அவற்றுக்கும் ஊற்றினார்கள்.

மழை பிடித்தது, மின்கம்பிகள் அறுந்தன, தொலைபேசி ஓயாமல் ஒலித்தது. மார்கழிக் கடைசியில் தில்லைநாதன் சாவி கேட்டு வந்தபோது கடைக்குள் நிற்க இடமில்லை.

“இன்னாம்மா, தையில காலி பண்றதா பிரகாஷ் சொன்னாரே?”

“அவுரு சொன்னாரு சார், நான் சொன்னனா?”

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள், எல்லாரையும் முந்திக்கொண்டு சிரித்தவர் லூர்து பிரகாஷ்தான். ஒப்பந்தம் அன்றே புதுப்பிக்கப்பட்டது.

மறு ஆண்டு ஐப்பசி நெருங்கியது. “கடைதான் இப்ப நல்லா ஓடுதே ஜெனி, இந்த வருஷமும் போவணுமா?” என்று கேட்டார் லூர்து பிரகாஷ்.

“வியாபாரம் நல்லா நடக்குதுன்னு பூக்கடைக்காரி பூவுக்குத் தண்ணி தெளிக்காம வுடறாளா?”

லூர்து பிரகாஷ் தண்ணீர்க் கேனை வண்டியில் வைத்துக் கட்டினார்.