பீரோவில் பத்திரமாக இருக்கும் சான்றிதழ்கள்

பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பையும் பயிற்சியையும் முடித்து, போன வாரம்தான் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது. இன்று அஸ்தம்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நேர்காணல்.

வேலை உறுதி என்றார் டாக்டர். அடுத்து மேனேஜர் அறை.

"ஒரிஜினல் எல்லாத்தையும் குடுத்துருங்க சாமி. ரெண்டு வருசம் நம்ம பீரோவுல பத்திரமா இருக்கும்."

"எதுக்குங்க?"

"பாதியில உட்டுட்டுப் போயிட்டீங்கன்னா?"

பீரோவைத் திறந்து காட்டினார். அடுக்கடுக்காக ஃபைல்கள். ஒன்றில் என் கல்லூரி சீனியர் அக்காவின் பெயர்.

"அதிகாரிங்க சோதனைக்கு வந்து பதிவுச் சான்றிதழைக் கேட்டா நான் எதைக் காட்டறதுங்க?"

"ஜெராக்ஸ் போதுங்க."

"அப்ப உங்களுக்கும் ஜெராக்ஸ் போதுமில்லீங்க?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "வேலை வேணுமா, வேண்டாமா?"

எழுந்து வந்துவிட்டேன். இப்போது நாமகிரிப்பேட்டை பஸ்ஸில், மடியில் ஃபைலோடு இருக்கிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நோயாளியின் உயிரை என்னை நம்பி ஒப்படைப்பார்களாம். நாளைக்கு வேலைக்கு வருவேன் என்பதை மட்டும் நம்ப மாட்டார்களாம்!

சீனியர் அக்கா, இதைப் படித்தால் பதில் போடுங்கள். உங்கள் ஃபைலைப் பார்த்தேன், பத்திரமாகத்தான் இருக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?