வசந்தா சாகவில்லை என்று வாதாடியவர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செல்வியின் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது. நான் அதைத் திறக்கவில்லை. டெல்லி மோதி பாக்கில் நாலு வீடுகளில் வேலை பார்க்கும் செல்விக்கு எழுத்து வராது. எதையும் பேசித்தான் அனுப்புவார். பெரும்பாலும் வசந்தா விஷயமாகத்தான் இருக்கும். வசந்தா எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று மூன்று வாரமாக வீம்பில் இருந்தவன் நான். கீரை வாங்கி வந்து, காப்பியும் குடித்துவிட்டுத்தான் கேட்டேன்.

"சார், சங்கரலிங்கம் சாரு போய்ட்டாரு சார். ஆஸ்பத்திரியிலயே. பார்வதி அக்கா உங்களுக்குப் போன் போட்டாங்களாம், நீங்க எடுக்கலையாம்."

அவ்வளவுதான் பதிவு. அதைக் கேட்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது.

சங்கரலிங்கத்தைத் தெரிந்தவர்களுக்கு வசந்தா யாரென்று விளக்க வேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன் வந்த ஓர் உளவாளிப் படத்தில் வரும் பெண் அவள். டெல்லியில் இருக்கும் உளவு அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா. படத்தின் கடைசியில் அவள் ஏறிய கார் வெடிக்கிறது. மூன்று மாதம் கழித்து நாயகனுக்குப் புதிய கோப்பு ஒன்று வருகிறது, அவன் அதைத் திறக்கிறான், 'தொடரும்' என்று போட்டுவிடுகிறார்கள். அந்தத் தொடர்ச்சி இன்றுவரை வரவில்லை. வசந்தா பிழைத்தாளா, செத்தாளா என்பதுதான் எங்கள் ஆறு வருஷ வழக்கு. சாகவில்லை என்பது சங்கரலிங்கத்தின் கட்சி. செத்துவிட்டாள் என்பது என் கட்சி. என் கட்சியில் நான் ஒருவன்தான்.

அமைச்சகத்தில் எதிரெதிர் மேஜையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவர் திருநெல்வேலி, நான் கும்பகோணம். படம் பார்த்த மறுநாள் மதியச் சாப்பாட்டில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "வாயால சொன்னா அது காத்தோட போயிரும். எழுதிக் குடும்வே" என்றார். அன்று மாலையே ஒரு பழைய கோப்பு அட்டையில், உள்பக்கம் வசந்தாவின் படத்தை ஒட்டி, குறிப்புத்தாள் கோத்துக் கொண்டுவந்துவிட்டார். முதல் குறிப்பு அவருடையது: 'மந்திர் மார்க் என்று காட்டியிருக்கும் தெருவில் இரண்டு தென்னை மரங்கள் உள்ளன. மந்திர் மார்க்கில் தென்னை கிடையாது. இரண்டாம் பாகத்தில் திருத்தப்பட வேண்டும்.'

அப்படித் தொடங்கிய கோப்பு எங்கள் இருவர் வீடு, செல்வி வீடு, இன்னும் இரண்டு நண்பர்கள் வீடு என ஐந்து வீடுகளுக்குள் சாப்பாட்டுப் பையில் சுற்றியது. யாரும் வாயால் வாதாடக் கூடாது. குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். செல்வி சொல்லச் சொல்லச் சங்கரலிங்கமே எழுதினார், ஒரு சொல் மாற்றாமல். 'கார் வெடிச்சிச்சு, சரி. பொணத்தைக் காட்னாங்களா?' என்பது செல்வியின் குறிப்பு. அதன் கீழே சங்கரலிங்கம் இரண்டு கோடு போட்டு, 'மிக முக்கியம்' என்று எழுதியிருக்கிறார். என் குறிப்பு எதற்கும் அவர் அப்படிக் கோடு போட்டதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு தடவை அந்தக் கோப்பு வேறு ஆறு கோப்புகளோடு கலந்து மேலதிகாரியின் மேஜைக்கே போய்விட்டது. தேடித் தேடிப் பார்த்து, அது எங்கே போயிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஓய்வு பெறும் வயதில் விளக்கக் கடிதம் எழுத வேண்டியதுதான் என்று நினைத்தேன். சங்கரலிங்கத்தை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி பீகார்காரர், தமிழில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் இந்தியில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். ஒட்டியிருந்த படத்தைத் தட்டிக் காட்டி, "யே லட்கி மரீ நஹீ ஹை" என்றாராம், இந்தப் பெண் சாகவில்லை என்று. வெளியே வந்த சங்கரலிங்கம் என்னைப் பார்க்காமலேயே உட்கார்ந்து எழுதினார்: 'மேலதிகாரியுடன் விவாதிக்கப்பட்டது. வசந்தா உயிருடன் இருப்பதாக அவரும் கருதுகிறார்.' பிறகு, "இனி நீரு மேல்முறையீடு பண்ணணும்னா மந்திரிகிட்டதான் போகணும்" என்றார். அன்று முழுவதும் ஒரு சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போகவே இல்லை.

போன வருஷம், இரண்டாம் பாகத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. உடனே இயக்குநருக்கு ஒரு மனு தயார் செய்தார். படத்தை எடுங்கள், வசந்தாவை உயிரோடு கொண்டு வாருங்கள், இரண்டே வரி. நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. செத்தவளை எழுப்பினால் படம் கெட்டுவிடும் என்று நான் மெய்யாகவே நம்பினேன். என்னை விட்டுவிட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. "அஞ்சு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் போகும். நாலு பேரு மனு நொண்டி மனு" என்று சொல்லிக் கோப்பிலேயே வைத்துக்கொண்டார்.

இந்தக் குளிர்காலப் புகையில் அவர் நுரையீரல் கெட்டது. மாத்திரை, ஆக்சிஜன், வீடு, ஆஸ்பத்திரி என்று அலைந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. 'என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். வசந்தா உயிருடன் இருக்கிறாள். மனுவில் கையெழுத்திடச் சம்மதம்' என்று எழுதிக் கோப்பை அனுப்பினேன். மறுநாள் செல்வி அதைத் திருப்பிக் கொண்டு வந்தார். நடுங்கும் எழுத்தில் சங்கரலிங்கத்தின் பதில் இருந்தது: 'காரணம் காட்டப்படவில்லை. இரக்கத்துக்காக எழுதிய குறிப்பு செல்லாது. ஆதாரத்துடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாகக் கிடக்கிற மனுஷனுக்கு என்ன பிடிவாதம் என்று கோப்பைச் செல்வியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குப் போகிற வழக்கத்தையும் நிறுத்தினேன். அந்த மூன்று ஞாயிறுகளை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி பார்வதி என் வீட்டுக்கு வந்தார். கையில் கோப்பு.

"இதை உங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லிருந்தாவ. பிரிக்கதுக்கு முன்னால நாடாக் கட்டைப் பாக்கணுமாம்."

இது எனக்குப் புதிதில்லை. அலுவலகத்தில் அவர் ஓயாமல் சொன்னதுதான். "ஃபைலத் தொறக்கதுக்கு முன்ன கட்டைப் பாரும்வே. கடைசியா யாரு தொட்டாம்னு அது சொல்லும்." எங்கள் பிரிவில் ஒவ்வொருவரும் கோப்பின் நாடாவைக் கட்டும் விதம் வேறு. சங்கரலிங்கம் நடுவில் இரட்டை முடிச்சுப் போடுவார். இருட்டிலும் தடவிச் சொல்வேன்.

இது அவர் முடிச்சில்லை. இடது ஓரத்தில் ஒற்றை வளையம், அதன் நுனி நாடாவுக்கு அடியில் செருகியிருந்தது. எங்கள் பிரிவில் அப்படிக் கட்டுகிறவர் யாருமில்லை. ஆனால் அதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். போனை எடுத்துப் படத்தை ஓட்டினேன். முதல் பாதியில் இரண்டு இடத்தில் வசந்தா கோப்பைக் கட்டுகிறாள். இடது ஓரம், ஒற்றை வளையம், நுனி அடியில். பிறகு கடைசிக் காட்சிக்குப் போனேன். கார் வெடித்து மூன்று மாதம் கழித்து நாயகன் மேஜைக்கு வருகிற புதிய கோப்பு. ஒரு கணம்தான், அவன் நாடாவை இழுத்துவிடுகிறான். இடது ஓரம், ஒற்றை வளையம், நுனி அடியில்.

பதினொரு தடவை அந்தப் படத்தைப் பார்த்தவன் நான். பதினொரு தடவையும் வெடித்த காரையே ஆராய்ந்துகொண்டிருந்திருக்கிறேன். முப்பது வருஷம் கோப்பு கட்டிப் பிழைத்தவன் கண்ணுக்கு, கோப்பு தெரியவில்லை.

"அவருக்கு எப்போ தெரிஞ்சுது?" என்று பார்வதியிடம் கேட்டேன்.

"கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு நாலு நாளைக்கு முன்ன. போன்ல படத்தைப் பாத்துக்கிட்டே ஒரே சிரிப்பு, இருமலு. யாருக்காவது சொல்லுங்களேன்னேன். 'வேண்டாம். ஞாயித்துக்கிழமை அவரு வருவாருல்லா, முடிச்சைப் போட்டு முன்னால வைப்பேன், அவரே பாத்துச் சொல்லட்டும்'னாவ. பொறவு நீங்க வரல."

நான் அழுதேன். பார்வதி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

அன்றே நாடாவைப் பிரித்து என் குறிப்பை எழுதினேன். 'கடைசிக் காட்சியில் வரும் கோப்பைக் கட்டியது வசந்தா. ஆகவே அவள் உயிருடன் இருக்கிறாள். இது இரக்கத்தால் எழுதியதன்று.' மனுவில் ஐந்தாவது இடம் எனக்காகக் காலியாகவே இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவர் கையெழுத்து முதல் இடத்தில் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துவிட்டுப் புது மனு எழுதலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பதிவுத் தபாலில் மனு போய்விட்டது. தபால் நிலையத்துக்குச் செல்வியும் வந்தார். "பதில் வரலன்னா என்னா சார் பண்றது?" என்று கேட்டார். நம் வேலையில் அதற்கு வழியா இல்லை? முப்பது நாள் பார்த்து நினைவூட்டல் அனுப்புவோம். அதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. நான் ஓய்வு பெற்றாலும் நினைவூட்டல் ஓய்வு பெறாது.

சங்கரலிங்கம், உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த முடிச்சு. வீட்டுக்கு வந்து கோப்பை நானே அப்படிக் கட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை வளையம் அவிழ்ந்துவிட்டது. மூன்றாவது தடவை நின்றது. முதல் நினைவூட்டல் அடுத்த மாதம் போகிறது.