கீழ் டிவிசனுக்குப் போன போன்

றோலண்டப் பத்திப் பேசுனா எனக்குக் கோவமும் வரும், அழுகையும் வரும். ரெண்டும் ஒண்ணா வர்றதால நாலு வருசமா யார்கிட்டயும் பேசல.

அட்டன்ல நாங்க வேலை செஞ்சது ஒரு சின்னச் சங்கம். மலை சரியப் போற மாதிரி மழை பேஞ்சா தேயிலைத் தோட்டத்து லயங்கள்ல வரிசை வீடுகள்ல இருக்கிற சனங்களுக்கு முன்கூட்டியே சொல்றதுதான் எங்க வேலை. நான் டைப்பிஸ்ட். றோலண்டு கம்பியூட்டர்காரன். மஸ்கெலியாப் பக்கம் லயத்துல பிறந்தவன், கொட்டகலையில படிச்சவன், புரோகிராம் எழுதுறதப் புத்தகம் பாத்தே கத்துக்கிட்ட கெட்டிக்காரன். அம்மா அப்பா போனதுக்கப்புறம் அவன வளத்து ஆளாக்குனது அக்கா பவுலின். அவ இன்னும் அதே தோட்டத்துல, கீழ் டிவிசன்ல கொழுந்து பறிச்சிக்கிட்டு இருந்தா.

அவன் எழுதுன புரோகிராம் எப்படின்னா, மழை அளவு ஒரு கோட்டத் தாண்டுனதும் தாய் புரோகிராம் நாலு பிள்ளைகளக் கெளப்பிவிடும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு டிவிசன்ல கணக்கெழுதுற கிளாக்கர் வீட்டுக்குப் போன் போட்டு, "ஆளுகள மேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு பதிவு பண்ணுன குரல்ல சொல்லும். முடியும்போது ஒரு நம்பர விட்டுட்டுப் போகும். சைபர்னா சேதி போச்சு, ஒண்ணுன்னா போகல. தாய் காத்திருந்து அத வாங்கணும். ஒண்ணு வந்தா ஸ்கிரீன்ல சிவப்புல "பிழை"ன்னு காட்டணும். மொதல்ல அவன் அப்படித்தான் எழுதியிருந்தான், நானே என் கண்ணால பாத்தேன்.

சங்கத்துக்குக் காசு உதவி குடுக்கிற ஆளுக பாக்க வந்த அன்னைக்குத்தான் வந்தது வினை. ஒரு கிளாக்கர் வீட்டுல போன எடுக்கல. ஸ்கிரீன் அசையாம நின்னுச்சு, அப்புறம் சிவப்பு. எங்க பெரியவர் பேரின்பநாயகம், யாழ்ப்பாணத்துக்காரர், முகம் கறுத்துப்போச்சு. "தம்பி, உதென்ன வந்த ஆக்களுக்கு முன்னால பிழை பிழையெண்டு காட்டுது? உதை எடுத்துவிடும்."

"சரிங்க சார்"னு றோலண்டு அந்தச் சிவப்பு எழுத்தையும் காத்திருக்கிறதையும் எடுத்துட்டான். அவன மட்டும் என்னத்தச் சொல்ல? தோட்டத்துல வளந்த எங்க எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. தொரைகிட்ட கெட்ட சேதி சொன்னா சொன்னவனுக்குத்தான் ஏச்சு விழும், அதனால வாயத் தொறந்தா நல்ல சேதிதான். அன்னையிலிருந்து தாய் புரோகிராம் காத்திருக்காது. பிள்ளைகள அனுப்புன கையோட "நாலு டிவிசனுக்கும் சொல்லியாச்சு"ன்னு பச்சையில எழுதிரும்.

"போகலன்னா என்னடா பண்ணுவ?"ன்னு கேட்டேன்.

"அதெல்லாம் போகும் யூஜினாக்கா. சும்மா பயப்படாதீங்க, அப்புறமாத் திருத்துறேன்"னான். நானும் மடச்சி, விட்டுட்டேன்.

ரெண்டாயிரத்து நாலு ஆனி மாசம் அஞ்சு நாள் விடாத மழை. வியாழக்கிழமை காலைல பத்து மணிக்குக் கோட்டத் தாண்டிருச்சு. பச்சை எழுத்து வந்துச்சு. பெரியவர் "நல்லது"ன்னுட்டு உள்ள போயிட்டார். எனக்கு மட்டும் அந்தப் பச்சைய நம்ப முடியல. ஒரு மணி வரைக்கும் பொறுத்துப் பாத்துட்டு, "எதுக்கும் ஒருக்கா பாருடா"ன்னு நச்சரிச்சேன். அவன் சலிச்சிக்கிட்டே கம்பியூட்டர்ல ஓடுற வேலைகளோட பட்டியல எடுத்தான். நாலு வரி இருந்துச்சு. நாலுலயும் செத்ததுன்னு குறி.

"செத்ததுன்னா ஏன்டா இன்னும் பட்டியல்ல நிக்குது?"

"போன் வேலை முடிஞ்சிருச்சுக்கா. என்ன ஆச்சுன்னு தாய் கேக்கல. கேக்குற வரைக்கும் அப்படியேதான் நிக்கும்."

சொல்லும்போதே அவனுக்கு வெளங்கிருச்சு. போன எடுத்து அவனே ஒவ்வொரு டிவிசனாக் கூப்பிட்டான். மூணு கிளாக்கரும் சேதி வந்துச்சு, ஆளுக மேல போயாச்சுன்னாங்க. கீழ் டிவிசனுக்கு மணியே அடிக்கல. காத்துல கம்பி அறுந்து எத்தனை நாளோ, யாருக்குத் தெரியும்!

மஸ்கெலியா பஸ்ஸப் புடிச்சோம். நோர்வூட்டுக்கு அங்கிட்டு ரோட்டுல மண்ணு விழுந்து கெடந்துச்சு, மிச்ச தூரம் ஓட்டமும் நடையும்தான். வழியெல்லாம் அவன் அக்கா பேரத்தான் முணுமுணுத்துக்கிட்டு வந்தான். நாங்க போய்ச் சேந்தப்ப கடைசி லயம் இருந்த எடத்துல வெறும் சேறு. எட்டுக் காம்பிரா வீடு, பதினோரு பேரு மண்ணுக்கு அடியில. அதுல பவுலினோட புருசன் ஜூட்சனும் ஒருத்தர். மாவு வாங்கக் கடைக்குப் போனதால அவ மட்டும் தப்பிச்சிருந்தா.

தம்பியக் கண்டதும் அவன் கைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டா. "காலைலயே எல்லாரும் மூட்டையக் கட்டிட்டாங்கப்பா. நான்தான் தடுத்தேன். என் தம்பி அந்த ஆபீஸ்லதான் இருக்கான், ஆபத்துன்னா மொதப் போன் நமக்குத்தான் வரும், வரலன்னா பயமில்லன்னு சொன்னேன். என் பேச்ச நம்பி உக்காந்துட்டாங்க. நானே எல்லாரையும் கொன்னுட்டேனே!"

"நீ இல்லக்கா"ன்னான் றோலண்டு. அந்தச் சேத்துலயே முட்டி போட்டான். பிழை காட்டுற எழுத்த எடுத்தது, போன் போச்சான்னு கேக்காம விட்டது, பச்சையில பொய் எழுதவச்சது, எல்லாம் தான்தான்னு ஒண்ணு விடாமச் சொன்னான்.

பவுலின் மெதுவா அவன் கையிலிருந்து தன் கைய எடுத்துக்கிட்டா.